பழைய பீங்கான், ஜோடி சேராத தட்டுகள்: எது சாப்பாட்டு மேசைக்கு, எது அலமாரிக்கு?

பூப்போட்ட தட்டு இரண்டு, பொன்விளிம்புக் கோப்பை ஒன்று, கனமான கண்ணாடிக் கிண்ணம், சாசரைத் தொலைத்துவிட்டு நிற்கும் மூன்று கோப்பைகள். இப்படி ஆளுக்கொரு பக்கம் வந்து சேர்ந்த பாத்திரங்களை ஒரே மேசையில் பரப்பினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இவற்றில் சாப்பிடலாமா, பார்க்க மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமா?

கேள்வியை இப்படிக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. ஒரு தட்டில் பிஸ்கட் வைக்கலாம். அதே தட்டில் எலுமிச்சை பிழிந்த சாலட்டை ஒரு மணி நேரம் விட்டுவைக்கக் கூடாது. பழைய பளபளப்புப் பூச்சிலும் நிறங்களிலும் இருக்கக்கூடிய காரீயம் என்ற நச்சு உலோகம் புளிப்பில் கரைந்து உணவில் இறங்கலாம். பாத்திரத்தின் வயதைவிட, அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இருக்கும் வழிகள் நான்கு. எல்லாவற்றையும் கவலைப்படாமல் புழங்கலாம். எல்லாவற்றையும் அலமாரியில் பூட்டலாம். ஆய்வகத்தில் சோதித்து, தேறியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அல்லது வேலையைப் பிரிக்கலாம்: பழையது அடியிலும் ஓரத்திலும் அலங்காரமாக நிற்கட்டும், உணவைத் தொடும் வேலை புதிய, வெறும் வெள்ளைப் பாத்திரத்துக்கோ நிறமற்ற கண்ணாடிக்கோ போகட்டும். எங்கள் தேர்வு நான்காவது. மூன்றாவதை ஓரிரு பாத்திரங்களுக்கு மட்டும் ஒதுக்குவோம். முதல் இரண்டும் யோசிக்கச் சோம்பலானவர்களுக்கு.

காரீயம் எப்படி அங்கே வந்தது

பீங்கான் மேல் பளபளக்கும் கிளேஸ் உண்மையில் மெல்லிய கண்ணாடிதான். மணலின் சாரமான சிலிக்கா உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் தேவை. எந்தச் சூளையும் சாதாரணமாக அதுவரை போவதில்லை. எனவே உருகுநிலையை இறக்கும் பொருள் ஒன்றைக் கலக்க வேண்டும். காரீய ஆக்சைடு அந்த வேலையை அருமையாகச் செய்தது. குறைந்த சூட்டில் உருகும், பூச்சில் உள்ள சின்னச் சின்னக் குறைகளை மூடிவிடும், நிறங்களைத் தூக்கிக் காட்டும். குயவர்கள் நூற்றாண்டுகளாக அதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

சரியான கலவையில், சரியான சூட்டில் வெந்த கிளேஸில் காரீயம் கண்ணாடிக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கும். சூடு போதாமல் போனாலோ, கலவை தப்பினாலோ, பச்சை நிறத்துக்காகச் சேர்த்த தாமிர ஆக்சைடு காரீயக் கிளேஸோடு கலந்தாலோ அந்தச் சிறை பலவீனமாகிவிடும். அப்போது புளிப்பான எதுவும் காரீயத்தை வெளியே இழுக்கும். பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளுக்குப் பின்னால் பல நேரங்களில் காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகமும் இருக்கும்.

இங்கே தமிழில் ஒரு சொல் சிக்கல் உண்டு. ‘ஈயம்’ என்று பொதுவாகச் சொல்லும்போது வெள்ளீயத்தையும் காரீயத்தையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே பூசுவது வெள்ளீயம். அது தூய்மையாக இருந்தால் பயமில்லை. மலிவுக்காக அதில் காரீயம் கலந்திருந்தால்தான் ஆபத்து. இந்தக் கட்டுரையில் பேசுவது முழுக்கக் காரீயத்தைப் பற்றி.

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போன காரீயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகள் 4 முதல் 5 மடங்கு கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறார்கள். ஆகவே குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கணக்கெல்லாம் போட்டுப் பார்க்க வேண்டாம்: நிறமும் கோலமும் உள்ள பழைய பாத்திரம் அவர்கள் உணவைத் தொடவே வேண்டாம்.

தட்டுக்கு ஒரு சட்டம், கோப்பைக்கு ஒரு சட்டம்

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பீங்கானுக்கு வைத்திருக்கும் நடவடிக்கை வரம்புகளை (தாண்டினால் நிர்வாகம் தலையிடக்கூடிய அளவுகளை) பார்த்தால் விஷயம் சட்டென்று புரியும். சோதனை இதுதான்: 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஏறத்தாழ வீட்டு வினிகரின் வலிமையில், பாத்திரத்தில் ஊற்றி 24 மணி நேரம் அறை வெப்பத்தில் விடுகிறார்கள். பிறகு அந்த நீர்மத்தில் எவ்வளவு காரீயம் இறங்கியிருக்கிறது என்று அளக்கிறார்கள். தட்டையான பாத்திரத்துக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 3.0 மைக்ரோகிராம், சிறிய குழிவான பாத்திரத்துக்கு 2.0, பெரிய குழிவான பாத்திரத்துக்கு 1.0, கோப்பைக்கும் மக்குக்கும் 0.5, ஜக்குக்கும் 0.5.

தட்டுக்கும் கோப்பைக்கும் ஆறு மடங்கு வித்தியாசம். தட்டில் உணவு நடுவில் மட்டும்தான் படும், பெரும்பாலும் திடப்பொருள், அரைமணியில் முடிந்துவிடும். கோப்பையில் நீர்மம் உட்சுவர் முழுவதையும் நனைக்கிறது; சூடாக இருக்கிறது; ஒரு நாளைக்கு நாலைந்து முறை நிரம்புகிறது. ஜக்கில் பழச்சாறு இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் நிற்கும். வரம்பு ஏன் இறங்கிக்கொண்டே போகிறது என்பது இப்போது விளங்கும்.

ஒரு கணக்கு. வரம்பின் விளிம்பில் தேறிய கோப்பை ஒன்றில் 200 மி.லி. அமிலம் 24 மணி நேரம் நின்றால் அதில் இறங்கும் காரீயம் 100 மைக்ரோகிராம். உணவின் வழியாகக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது, கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு 8.8-க்கு மேல் போகக் கூடாது என்று அதே நிர்வாகம் 2022-ல் இடைக்கால அளவு வைத்திருக்கிறது. தேநீர் 24 மணி நேரம் நிற்காது, வினிகர் அளவுக்குப் புளிக்கவும் செய்யாது. எனவே முழு 100-ம் இறங்காது. ஆனால் அதில் நாற்பதில் ஒரு பங்கு இறங்கினாலே குழந்தையின் ஒரு நாள் அளவு தாண்டிவிடுகிறது. ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்ற சொல்லை ‘கவலையே இல்லை’ என்று படிக்கக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1984-ஆம் ஆண்டு ஆணையும் இதே போக்கில்தான் பிரிக்கிறது: தட்டையானதற்கு ஒரு சதுர டெசிமீட்டருக்கு 0.8 மி.கி. காரீயம், குழிவானதற்கு லிட்டருக்கு 4.0 மி.கி., சமைக்கும் பாத்திரத்துக்கும் 3 லிட்டருக்கு மேற்பட்ட சேமிப்புக் கலத்துக்கும் லிட்டருக்கு 1.5 மி.கி. உட்புற ஆழம் 25 மில்லிமீட்டருக்கு மேல் போகாதது தட்டு, போனால் கிண்ணம். வீட்டிலும் இதே அளவுகோல் உதவும். ஓர் அளவுகோலை விளிம்புக்குக் குறுக்கே படுக்கவைத்து, இன்னொன்றால் நடு ஆழத்தைப் பாருங்கள். 25 மி.மீ. தாண்டினால் அது நீர்மம் நிற்கக்கூடிய பாத்திரம். கறாராக நடத்த வேண்டிய பக்கத்தில் வையுங்கள்.

கைக்கு வந்தது எந்த வகை

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். எலும்புச் சாம்பல் கலந்து செய்யும் பீங்கான்தான் போன் சைனா. ‘போன் சைனா என்றால் உயர்ந்தது, அதனால் பாதுகாப்பானது’ என்பது பரவலான நம்பிக்கை. உயர்ந்ததுதான், இரண்டாவது பாதி தானாக வந்துவிடாது. போன் சைனாவின் உடலை முதலில் 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு, கிளேஸைப் பிறகு 1,100 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஏற்றுவார்கள். அந்தச் சூட்டுக்குப் பழைய காலத்தில் காரீயக் கிளேஸ்தான் வழக்கம். நல்ல தொழிற்சாலைகள் காரீயத்தை முன்கூட்டியே சிலிக்காவோடு உருக்கிப் பொடித்துக் கலந்ததால் கசிவு குறைவாக இருக்கும், ஆனால் காரீயம் இருக்கிறது.

கெட்டிப் பீங்கானின் கதை வேறு. உடலும் கிளேஸும் சேர்ந்து 1,400 டிகிரியை ஒட்டி வேகும். ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தால் ஆன கிளேஸ் அந்தச் சூட்டில் தானாகவே உருகிவிடும், காரீயத்தின் தேவையே இல்லை. கோலம் ஏதுமற்ற வெள்ளைக் கெட்டிப் பீங்கான் தட்டு பழைய பாத்திரங்களில் மிகவும் நம்பத்தக்கது. கோபால்ட் நீலத்தைக் கிளேஸுக்கு அடியில் தீட்டி, மேலே இந்த வகைக் கிளேஸ் மூடியிருந்தால் அதுவும் அடுத்த படியில் நிற்கும்.

பிரச்சினை மேலே தீட்டிய கோலங்களில். கிளேஸ் வெந்த பிறகு அதன் முதுகில் நிறத்தைத் தீட்டி, அல்லது படத்தாளை ஒட்டி, 700 முதல் 850 டிகிரி வரையிலான மிதமான சூட்டில் மறுபடி சுடுவார்கள். அந்தச் சூட்டில் நிறம் ஒட்ட வேண்டுமானால் எளிதில் உருகும் பொருள் வேண்டும். பழைய நிறங்களில் அது காரீயம். பாத்திரம் எவ்வளவு உயர்ந்த பீங்கானாக இருந்தாலும், அதன் மேல் ஒட்டிய ரோஜா தனிக் கணக்கு. கோலம் வெளி விளிம்பில் மட்டும் இருந்து, நடுப்பகுதி வெள்ளையாக இருந்தால் தட்டு ஓரளவு தப்பும். உணவு படும் நடுவில் பூங்கொத்து நின்றால் அதைப் பார்வைக்கு ஒதுக்குங்கள்.

சுடுமண் வகையில் பளபளப்பான, அடர்ந்த நிறக் கிளேஸ் உள்ளவைதான் பட்டியலில் கடைசி. குறைந்த சூட்டில் வெந்தவை, காரீயத்தை நம்பியவை, கையால் செய்ததென்றால் ஒன்றுக்கொன்று வேறுபடுபவை. ஆரஞ்சுச் சிவப்பு நிறத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. ஹோமர் லாஃப்லின் நிறுவனம் 1936-ல் கொண்டுவந்த ஃபியஸ்டா வரிசையின் சிவப்புத் தட்டுகளில் நிறம் தந்தது யுரேனியம். 1943-ல் போருக்காக யுரேனியம் கட்டுப்பாட்டுக்குள் போனதால் அந்த நிறம் நின்றது. 1959-ல் திரும்பி வந்து 1970-களின் தொடக்கம்வரை நீடித்தது. யுரேனியக் கிளேஸ் போட்ட இத்தகைய பாத்திரங்களில் உணவோ பானமோ வைக்க வேண்டாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. அலமாரியில் நிற்கட்டும்.

கண்ணாடியில் மூன்று வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிறமற்ற சாதாரண அச்சுக் கண்ணாடி வேதியியல் பக்கம் நிம்மதி, சூட்டில்தான் உடையும். பச்சையும் மஞ்சளுமாகப் புறஊதா டார்ச் ஒளியில் மின்னினால் யுரேனியக் கண்ணாடியாக இருக்கலாம்; காட்சிக்குப் போதும். (அதே டார்ச்சை ஆரஞ்சு நிறக் கிளேஸின் மேல் அடித்து, மின்னவில்லை என்று நிம்மதி அடையக் கூடாது, அங்கே அந்தச் சோதனை வேலைக்கு ஆகாது.) மூன்றாவது வெளிப்புறத்தில் படம் அச்சிட்ட டம்ளர். உள்ளே சுத்தம், ஆனால் உதடு படும் இடத்திலும், மற்ற டம்ளரோடு உரசும் இடத்திலும் சாயம் தேய்கிறது. விளிம்பிலிருந்து கீழே 20 மி.மீ. வரையிலான பட்டையைத்தான் சோதனைத் தரங்கள் தனியாக அளக்கின்றன. அந்தப் பட்டையில் படம் இருந்தால் அதில் குடிக்க வேண்டாம், பேனா வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிஸ்டல்

கிரிஸ்டலில் காரீயம் பூச்சாக இல்லை, கண்ணாடியின் உடம்பிலேயே இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி காரீயக் கிரிஸ்டல் என்று சொல்ல 24 சதவீதம் காரீய ஆக்சைடு வேண்டும். முழுக் காரீயக் கிரிஸ்டலுக்கு 30 சதவீதம். 1991-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், லிட்டருக்கு 89 மைக்ரோகிராம் காரீயத்தோடு டிகாண்டருக்குள் (மதுவை ஊற்றிவைக்கும் மூடிபோட்ட குடுவைக்குள்) போன போர்ட் ஒயின் நான்கு மாதத்தில் 2,162 முதல் 5,331 மைக்ரோகிராம்வரை ஏறியிருந்தது. நீண்ட காலம் டிகாண்டரிலேயே கிடந்த மதுவில் 21,530 வரை கண்டார்கள். அதே ஆய்வில் கோப்பையில் ஊற்றிய வெள்ளை ஒயினில் சில நிமிடங்களிலேயே சிறிதளவு இறங்கியதும் தெரிந்தது.

எனவே கிரிஸ்டல் டிகாண்டரைச் சேமிப்புப் பாத்திரமாக நினைக்காதீர்கள். விருந்து முடிந்ததும் மிச்சத்தைப் புட்டிக்குத் திருப்பி ஊற்றிவிட வேண்டும். கிரிஸ்டல் கோப்பையில் பெரியவர்கள் எப்போதாவது குளிர்ந்த தண்ணீர் குடிப்பது வேறு. அதில் எலுமிச்சைச் சாறைக் கரைத்து மாலை முழுவதும் மேசையில் வைப்பது வேறு.

உலோகம், மெலமைன், எனாமல்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உள்பூச்சு இல்லாத தாமிரத்திலும் பித்தளையிலும் புளிப்பானதை வைக்கக் கூடாது. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 6-க்குக் கீழே போனால், அதாவது புளிப்பு கூடினால், தாமிரம் கரையத் தொடங்கிவிடும். வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட கலப்புலோகம் பியூட்டர்; பழையதில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும். இக்காலத்துப் பியூட்டர் வெள்ளீயம், ஆன்டிமனி, தாமிரம் சேர்ந்தது. எது பழையது என்று கண்ணால் சொல்ல முடியாது, அதனால் இரண்டையுமே பூச்சாடியாக்குங்கள். வெள்ளிமுலாம் தேய்ந்து உள்ளே செம்பு நிறம் எட்டிப்பார்த்தால் அதில் உலர்ந்த பண்டம் மட்டும். மெலமைன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் 70 டிகிரிக்கு மேல் சூடான உணவுக்கு ஏற்றதல்ல என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் எச்சரிக்கிறது. மைக்ரோவேவ் கூடவே கூடாது. எனாமல் பாத்திரத்தின் உட்புறம் சில்லு பெயர்ந்திருந்தால் கண்ணாடித் துணுக்கு உணவில் விழும், அடியில் உள்ள இரும்பு துருப்பிடிக்கும். கழித்துவிடுங்கள்.

பத்து நிமிடச் சோதனை

ஜோடி சேராத பாத்திரங்களில் ஒவ்வொன்றும் தனித்தனி ஆள். ஒன்றைப் பார்த்து மற்றதைத் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து இப்படிப் பாருங்கள்.

முதலில் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவித் துடையுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் கிளேஸின் பளபளப்பு ஒரே சீராக இருக்கிறதா என்று தெரியும். நடுவில் மட்டும் மங்கி, சுண்ணாம்பு படிந்ததுபோல இருந்தால் கிளேஸ் அரிக்கப்பட்டிருக்கிறது. டிஷ்வாஷரின் காரத்தன்மை கொண்ட சோப்பு இதைத்தான் செய்யும். அரித்த கிளேஸிலிருந்து காரீயம் இறங்குவதும் எளிது. மங்கல், துடைக்கும்போது துணியில் ஒட்டும் நிறப்பொடி, பாத்திரம் காய்ந்த பிறகும் வழிக்க வரும் வெண்மை, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அதில் உணவு வேண்டாம்.

அடுத்து விரல் நுனியால் கோலத்தின் மேல் தடவுங்கள். நிறம் மேடாகத் தட்டுப்பட்டால் அது கிளேஸுக்கு மேலே நிற்கிறது. வழுவழுப்பாக ஓடினால் அடியில் இருக்க வாய்ப்பு அதிகம். சாய்த்த ஒளியில் பூவின் விளிம்பு மட்டும் வேறு விதமாக மினுங்கினாலும் அது மேற்கோலம்தான்.

பிறகு பாத்திரத்தை உள்ளங்கையில் வைத்து, விரல் கணுவால் விளிம்பில் லேசாகத் தட்டுங்கள். ‘டிங்’ என்று மணிபோல ஒலித்து நீண்டால் உடம்பு முழுசாக இருக்கிறது. ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல் ஓடுகிறது. சுடுமண் இயல்பாகவே மந்தமாகத்தான் ஒலிக்கும், எனவே இந்தச் சோதனை பீங்கானுக்கும், அதிகச் சூட்டில் வெந்து இறுகிய மண்பாண்டமான ஸ்டோன்வேருக்கும் மட்டும். சந்தேகமான இடத்தில் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் மெல்லிய பீங்கானில் விரிசல் கருப்புக் கோடாகத் தெரியும்.

சிலந்திவலைபோல் கிளேஸ் முழுக்கப் பரவிய மயிரிழை விரிசல்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கிளேஸும் உடலும் ஒரே அளவில் சுருங்காததால் வருபவை இவை. நுண்துளையுள்ள சுடுமண் உடல் ஆண்டுக்கணக்கில் ஈரம் உறிஞ்சி விரிவதாலும் வரும். அதில் கடும் தேநீர் ஒரு கரண்டி ஊற்றி, பதினைந்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். பழுப்புக் கோடுகள் போகாமல் நின்றால் நீர்மம் உள்ளே இறங்குகிறது என்று பொருள். கொழுப்பும் கிருமியும் அதே வழியில் இறங்கும். எந்தச் சோப்பும் அங்கே எட்டாது. சூடாக்கினால் பழைய எண்ணெய் நாற்றம் எழும்பும். அதை மீன், இறைச்சி, பால் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

கடைசியாகக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம் 1891-லிருந்து இறக்குமதிப் பொருள்களில் தயாரித்த நாட்டின் பெயரைக் கேட்டது. எனவே ஏற்றுமதிப் பாத்திரத்தில் நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. மேற்கு ஜெர்மனி என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். டிஷ்வாஷருக்கு உகந்தது, மைக்ரோவேவுக்கு உகந்தது என்ற குறிப்புகள் இன்னும் பிந்தியவை. ஆனால் முத்திரை வயதைத்தான் சொல்லும். கிளேஸில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. விதிகள் இறுகுவதற்கு முந்தையதா பிந்தையதா என்று ஊகிக்க உதவும், அவ்வளவுதான்.

சோதனைக் கருவிகள்: எதற்குச் செலவு செய்யலாம்

மூன்று வழிகள் உண்டு. பாத்திரத்தின் மேல் தேய்த்தால் நிறம் மாறும் பஞ்சுக்குச்சி மலிவு, உடனடி. காரீயம் அதிகமாக இருந்தால் காட்டிக்கொடுக்கும். குறைவாக இருந்தால் மௌனமாக இருந்துவிடும். சிவந்தால் நம்புங்கள், சிவக்காவிட்டால் நம்பாதீர்கள்.

எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி துப்பாக்கிபோல இருக்கும். சில விநாடிகளில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று படித்துச் சொல்லும். ஆனால் அது சொல்வது இருப்பை, கசிவை அல்ல. நன்றாக வெந்த கிளேஸில் நிறையக் காரீயம் இருந்தும் சொற்பமே கசியலாம். மோசமாக வெந்ததில் கொஞ்சம் இருந்து நிறையக் கசியலாம். பயமுறுத்தும் பெரிய எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், சிறிய எண்ணைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம். எண் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் மட்டும் கேள்வியே முடிந்துவிடும்.

மேலே சொன்ன 24 மணி நேர அமிலச் சோதனைதான் நேரடியான விடை. முழுச் செட்டாக இருந்தால் ஓரிரு தட்டைச் சோதித்து மற்றதை ஊகிக்கலாம். ஜோடி சேராத பன்னிரண்டு பாத்திரத்துக்குப் பன்னிரண்டு சோதனை வேண்டும். எனவே இந்தச் செலவு தினமும் கையில் எடுக்க ஆசைப்படும் ஒன்றிரண்டு கோப்பைக்கு மட்டுமே நியாயம்.

வினிகரில் ஊறவைத்தால் காரீயம் எல்லாம் போய்விடும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. மேல்பரப்பில் தளர்ந்து கிடப்பது கொஞ்சம் போகும், அடியில் இருப்பது அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு அமிலம் கிளேஸையே பதம் பார்க்கும். கொதிக்கவைப்பதாலும் பயனில்லை.

வேலையைப் பிரிப்பது எப்படி

இந்த வழி எளிது, அழகும் குறையாது. பழைய பெரிய தட்டு அடியில். அதன் மேல் 3 முதல் 5 செ.மீ. குறைந்த விட்டமுள்ள நிறமற்ற கண்ணாடித் தட்டு. 27 செ.மீ. தட்டுக்கு 22 முதல் 24 செ.மீ. கண்ணாடி சரியாகப் பொருந்தும். கோலம் கண்ணாடி வழியே தெரியும், உணவு பழைய கிளேஸைத் தொடாது. கண்ணாடியின் அடியில் மூன்று சிலிகான் பொட்டு ஒட்டினால் வழுக்காது, கீழ்த்தட்டில் கீறலும் விழாது. நான்கு வைத்தால் ஒன்று தூக்கி நிற்கும், மூன்று போதும்.

பழைய கிண்ணத்துக்குள் சிறிய கண்ணாடிக் கிண்ணம் உட்காரும். சாஸும் தயிரும் உள்கிண்ணத்தில். பழைய ஜக் பூ வைக்க. தோலோடு இருக்கும் பழம், உறையிட்ட மிட்டாய், கொட்டைவகை போன்றவற்றை நல்ல நிலையில் உள்ள பழைய தட்டில் நேரடியாகப் பரிமாறலாம்; சாப்பிட்டு முடித்ததும் எடுத்துவிட வேண்டும், அதிலேயே மூடிவைத்துச் சேமிக்கக் கூடாது. தக்காளிக் குழம்பு, வினிகர் ஊறல், பழச்சாறு, ஒயின், சூடான காபி, தேநீர் எல்லாம் புதிய பாத்திரத்தில்.

கோப்பையும் சாசரும் ஜோடி மாறும்போது அளவைப் பாருங்கள். சாசரின் நடுப்பள்ளத்தின் விட்டம் கோப்பை அடிவளையத்தைவிட 2 முதல் 4 மி.மீ. பெரிதாக இருந்தால் கோப்பை உள்ளே நிற்கும். வளையம் பள்ளத்தைவிடப் பெரிதானால் சரிவின் மேல் உட்கார்ந்து, லேசாக இடித்தாலே வழுக்கிக் கொதிநீரை மடியில் கொட்டும். கைப்பிடி ஒட்டுப்போட்டதா என்று நகத்தால் மூட்டைக் கீறிப் பாருங்கள். பசை நகத்துக்கு மெல்ல நெகிழும், பீங்கான் நெகிழாது. ஒட்டிய கைப்பிடி சூட்டில் தளர்ந்து கழன்றுவிடும். ஒட்டியது எதுவானாலும், பொன்பொடி தூவி அழகாக ஒட்டியிருந்தாலும், அது உணவுக்கல்ல.

விளிம்பில் சில்லு பெயர்ந்த கோப்பை உதட்டைக் கிழிக்கும். அரிசிமணி அளவுகூட இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அடுத்த சில்லு அங்கிருந்துதான் பெயரும்.

சூடு, கழுவல், அடுக்கல்

பழைய கண்ணாடியில் கொதிநீரை நேராக ஊற்றினால் உட்பக்கம் விரிந்து வெளிப்பக்கம் விரியாமல் இழுபட்டு வெடிக்கும். தடித்த கண்ணாடிதான் மெல்லியதைவிடச் சீக்கிரம் போகும். பொன், வெள்ளி விளிம்பு உள்ளது மைக்ரோவேவில் பொறி பறக்கும். மயிரிழை விரிசல் ஓடிய தட்டு இன்னொரு விதம்: அது உறிஞ்சிய நீர் கொதித்து, உணவு ஆறியிருக்கத் தட்டு மட்டும் கையைச் சுடும். பழையதை மைக்ரோவேவில் வைக்காமல் இருப்பதே உத்தமம்.

கழுவுவது கையால், வெதுவெதுப்பான நீரில், மென்மையான துணியால். தொட்டியின் அடியில் ஒரு துண்டை விரித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். இரும்புத் தேய்ப்பான், சபீனா போன்ற தேய்க்கும் பொடி, குளோரின் வெளுப்பான் மூன்றும் தள்ளி நிற்கட்டும். பழைய நிறப் பாத்திரத்தைக் குழந்தையின் பாத்திரத்தோடு ஒரே நீரில் ஊறப்போடவும் வேண்டாம்.

அடுக்கும்போது பெரும்பாலான சேதம் நடக்கிறது. பீங்கானின் அடிவளையத்தில் கிளேஸ் இருக்காது. அது உப்புத்தாள் மாதிரி. மேலே உள்ள தட்டை ஒருமுறை இழுத்தால் கீழ்த்தட்டின் நடுவில் அரைவட்டமாகக் கீறிவிடும், அந்தக் கீறலில்தான் கிளேஸ் அரிக்கத் தொடங்கும். பெரியது கீழே, சிறியது மேலே, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஃபெல்ட் துணியோ தடித்த காகிதத் தட்டோ. ஆறேழுக்கு மேல் அடுக்காதீர்கள். எடுக்கும்போது இழுக்காமல் தூக்குங்கள். கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகவும் வேண்டாம், கைப்பிடியில் தொங்கவிடவும் வேண்டாம்.

தீர்மானம் உங்கள் மனதில் மட்டும் இருந்தால் போதாது, வீட்டில் மற்றவர்களும் பரிமாறுவார்கள். உணவுக்கு ஆகாத ஒவ்வொன்றின் அடிவளையத்திலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள். கிளேஸ் இல்லாத இடத்தில் அது நன்றாகப் பிடிக்கும், கழுவினாலும் எளிதில் போகாது, கவிழ்த்தால் உடனே தெரியும்.

கழித்ததை யாருக்காவது கொடுக்கும்போது அவர்கள் அதில் சாப்பிடக்கூடும். அமெரிக்க விதிகள், காரீயம் கசியும் அலங்காரப் பீங்கானில் உணவுக்கானதல்ல என்ற அழியாத எச்சரிக்கையையோ, பாத்திரத்தைப் புழங்க முடியாதபடி ஒரு துளையையோ கேட்பது இதனால்தான். துளை போடுவதென்றால் வைர நுனி துளைப்பானை மெதுவான வேகத்தில் ஓட்டி, பாத்திரத்துக்குள் ஒரு விரல்கடை நீர் நிற்க வையுங்கள். உலர்ந்த துளையிடல் காரீயத் தூளைக் காற்றில் பரப்பும். ஈரத்தில் அது சேறாக அடியில் தங்கிவிடும். அந்தச் சேற்றை காகிதத் துணியால் துடைத்துக் கட்டி எறிந்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.